பச்சைப் புள்ளி வைத்த பட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், பிசாசு, காற்று, கருப்பு என்று எதையும் நம்புகிற ஆள் நான் இல்லை. புது பைக் வாங்கியபோது அம்மா முன்னால் கட்டிவிட்ட எலுமிச்சம்பழத்தை அன்று மத்தியானமே அவிழ்த்து ஜூஸ் போட்டுக் குடித்தவன். கல்லூரி விடுதியில் கடைசிக் குளியலறைக்குள் யாரோ அழுகிறார்கள் என்று மொத்த மாடியும் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடியபோது, நான் ஒருத்தன் ஸ்பேனரோடு உள்ளே போய்க் குழாய் வாஷரை மாற்றிவிட்டு வந்தேன், அழுகை நின்றுவிட்டது. அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் சிரித்தாலும் சரி, இவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தாலும் சரி, நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டுப் போகிறேன்.

என் வேலையே கண்ணால் பார்ப்பதை நம்புகிற வேலை. கூடாரம் போட்டுத் தங்க ஆசைப்படுகிறவர்களுக்காகச் சென்னையில் ஒரு சின்ன கம்பெனி செயலி நடத்துகிறது. அதன் வரைபடத்தில் எந்த இடம் யாருக்கு ஏற்றது என்று தரம் பிரிப்பது என் பொறுப்பு, கள்ளக்குறிச்சியில் என் அறையில் உட்கார்ந்தபடியே செய்வேன். செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி, தரை சமமா, பக்கத்தில் தண்ணீர் உண்டா, வண்டி எதுவரை போகும், நிழல் எப்படி என்றெல்லாம் பார்த்து ஒரு புள்ளி வைப்பேன். பச்சை என்றால் குழந்தை குட்டியோடு போகலாம். மஞ்சள் என்றால் நடந்து பழகின இளவட்டங்களுக்கு. சிவப்பு என்றால் அந்தப் பக்கமே போகாதே. நான் வைக்கிற புள்ளியை நம்பி முன்பின் தெரியாத ஜனங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கல்வராயன் மலை என் பங்குக்கு வந்தபோது அப்படி ஒரு சந்தோஷம், சொந்த மாவட்டம் அல்லவா. அருவிக்கு வருகிற கூட்டமெல்லாம் சாயங்காலம் இறங்கி ஓடிவிடுகிறது, ராத்திரி தங்க இடம் காட்டினால் நம் மலைக்கும் ஒரு பெயர் வரும் என்று ராப்பகலாகத் தேடினேன். கரியாலூருக்கு மேலே, காட்டிலாகா எல்லைக்கு வெளியே, மரங்களுக்கு நடுவில் தட்டைக் கவிழ்த்து வரைந்த மாதிரி ஒரு வட்டம் கிடைத்தது. சமதரை, புல், சுற்றிலும் பசுமையாக வேலி, ஓரமாக ஓடை. இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? யோசிக்கவே இல்லை, பச்சை வைத்துவிட்டேன்.

அதை முதலில் நம்பியது யார் தெரியுமா, என் சொந்த அக்கா. விழுப்புரத்தில் இருக்கிறாள். அவள் பெண் யாழினிக்கு அப்போது ஐந்து வயது, டென்ட்டில் தூங்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை. “நீ பச்ச வெச்ச எடந்தானடா, நீயே கூட்டிக்கினு போ” என்று அக்கா பையோடு வந்து இறங்கிவிட்டாள். எனக்கும் அந்த இடத்தைப் போட்டோ எடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டியிருந்தது. டென்ட்டுக்குப் பஷீர் இருந்தான். என்னோடு பள்ளியில் படித்தவன், கள்ளக்குறிச்சி கடைவீதியில் தார்ப்பாயும் கூடாரமும் வாடகைக்கு விடுகிறவன், வாய் மூடாத ஆள். அவனுடைய குட்டி யானை வண்டியில் அக்காவும் குழந்தையும் முன்னால், நான் பின்னால் டென்ட் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மூட்டையாக, கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினோம். தை மாதம், வெயிலே உறைக்கவில்லை.

வண்டி நின்ற இடத்திலிருந்து கொஞ்ச தூரம் நடை. இடத்தைப் பார்த்ததும் அக்கா, “டேய், நெஜமாவே நல்லா இருக்குதுடா” என்றாள். படத்தில் பார்த்ததைவிட அழகு. வேலி கிளுவையில் போட்டது, உயிர்வேலி, ஆள் உயரத்துக்கு அடர்ந்து நின்றது, ஒரே ஒரு வாசல். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மலைக்காரர்கள் மாடுகளை ராத்திரி அடைக்கிற பட்டி இது, எந்தக் காலத்திலோ விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சாணி இல்லை, குளம்படி இல்லை, ஒரு பீடித் துண்டுகூட இல்லை. வாசலை அடைக்கிற மூங்கில் படல் மட்டும் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்திருந்தது, அதன் மேல் பெரிய கல் ஒன்று.

இங்கேதான் நான் என் புத்தியைக் காட்டினேன். எங்கள் தரம் பிரிப்பில் ஒரு விதி உண்டு, சுற்றிலும் அடைப்பும் மூடக்கூடிய வாசலும் இருந்தால் குழந்தைகளுக்கு ஏற்றது என்று கூடுதலாக ஒரு நட்சத்திரம். நான் கல்லைப் புரட்டப் போனேன். பஷீர் பார்த்துவிட்டு, “எதுக்குடா? யாரோ பாரம் வெச்சிட்டுப் போயிருக்கான், நமக்கு இன்னா தெரியும், அப்பிடியே வுடு” என்றான். “பன்னி கின்னி உள்ள வந்தா நீயாடா பாப்ப?” என்று அவன் வாயை அடைத்துவிட்டு, கல்லைத் தள்ளி, படலைத் தூக்கி வாசலில் நிறுத்தி, என்னிடமிருந்த நைலான் கயிற்றால் உள்பக்கமிருந்து கட்டினேன். எத்தனை மழையில் கிடந்த மூங்கில், ஒரு இடத்தில்கூட உளுக்கவில்லை, நேற்று வெட்டியது மாதிரி இருந்தது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. போட்டோ எடுப்பதிலேயே குறியாக இருந்தேன்.

டென்ட் அடித்து, அடுப்பு மூட்டி, அக்கா ரவை வறுக்க ஆரம்பித்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. பனிமூட்டம் ஓடைப் பக்கமிருந்து ஏறி வந்து வேலிக்குள் வழிந்தது. எதிரே இருக்கிற டென்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. அப்போதுதான் மணிச் சத்தம். மரத்தில் செய்த மாட்டு மணி, லொடக் லொடக் என்று, தூரத்தில்.

“மாடுங்க வூட்டுக்குப் போவுது பாரு” என்று அக்கா யாழினியிடம் சொன்னாள். கேட்க இதமாகத்தான் இருந்தது. ஊருக்குள் போகிற மந்தை, திரும்பிவிடும் என்று நினைத்தோம். திரும்பவில்லை. நேராக மேலே ஏறி வந்தது, மணி ஒன்றல்ல, நிறைய, அப்புறம் சருகில் குளம்புச் சத்தம், அப்புறம் மூச்சு. வேலிக்கு அந்தப் பக்கம் வந்து எல்லாம் நின்றது. மணிகூட அசையவில்லை.

டார்ச் அடித்தேன். கிளுவை இலை தெரிந்தது, பனி தெரிந்தது, வேறு எதுவும் தெரியவில்லை. பனியில் மறைகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மூச்சு என் முகத்துக்குக் கையெட்டும் தூரத்தில் கேட்டது, அந்த மூச்சின் சூடுகூட வேலி இடுக்கு வழியாக வந்தது. இடப்பக்கம் அடித்தாலும் அதே. வலப்பக்கம் அடித்தாலும் அதே. சுற்றிலும் நின்றன. வேலி உள்பக்கமாகச் சாய ஆரம்பித்தது, யாரோ தோளால் தள்ளுகிற மாதிரி, ஒரே சமயத்தில் எல்லாப் பக்கமும்.

பஷீர் அக்காவுக்குப் பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்தான். படல் கிறீச் கிறீச் என்று முனகியது. நைலான் கயிறு விறைத்துக்கொண்டு நின்றது.

“யார்னா ஓட்டிக்கினு வந்துருப்பாங்கடா, கூப்புடு” என்றாள் அக்கா. கூப்பிட்டேன். “யாருங்க? உள்ள ஆளு இருக்குறோம்ங்க! கொழந்த இருக்குதுங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். பதிலுக்கு ஒரு செருமல்கூட இல்லை.

யாழினி அக்கா மடியில் உட்கார்ந்திருந்தாள். அவள் பயப்படவே இல்லை. “உள்ள வரணுமாம் மாமா. நாமதான் சாத்திக்கினு இருக்கோம்” என்றாள், ஸ்கூலில் மிஸ்ஸைப் பற்றிச் சொல்வது மாதிரி.

நம்புங்கள், அந்த நிமிஷத்தில்கூட நான் அமானுஷ்யம் கிமானுஷ்யம் என்று நினைக்கவில்லை. மிரண்ட மாடுகள், வேலியை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தால் டென்ட்டோடு சேர்த்துக் குழந்தையை மிதித்துவிடும், அது ஒன்றுதான் என் மண்டையில் ஓடியது. என் பச்சைப் புள்ளியை நம்பி வந்த குழந்தை. வாசலைத் திறந்தால் ஒரு வழியாக வரும், நாங்கள் எதிர் ஓரத்தில் ஒண்டிக்கொள்ளலாம். அக்காவையும் குழந்தையையும் வேலியோரம் இருந்த பாறைக்குப் பின்னால் உட்கார வைத்து, பஷீரை அவர்களுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, நான் போய்க் கயிற்றை அவிழ்த்தேன். இறுகிப்போன முடிச்சு சீக்கிரம் வரவில்லை. கயிற்றைப் பேண்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு படலை இழுத்து ஓரமாகச் சாய்த்தேன்.

முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் வந்தன. என் டார்ச் எரிந்துகொண்டுதான் இருந்தது, வாசல் வெறுமையாகத்தான் இருந்தது, ஆனால் ஈரமான ஒரு விலா என் முழங்கையை உரசிக்கொண்டு போனது. மாட்டு வாடை, புல்லும் மூத்திரமும் வியர்வையும் கலந்த அதே வாடை. ஒரு வால் என் கன்னத்தில் சுளீர் என்று அடித்தது. ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், பழகின வீட்டுக்குள் நுழைகிற மாதிரி போயின. டார்ச் வெளிச்சத்தில் புல் மட்டும் மடிந்து மடிந்து உள்ளே போனது. நான் படலோடு படலாக ஒட்டிக்கொண்டு நின்றேன்.

கடைசி மணி உள்ளே போனதும் சத்தம் ஓய்ந்தது. அந்த அமைதியில் அக்கா அலறினாள். “டேய்! பாப்பாவக் காணோம்டா! மடிலதான் இருந்தா!”

சின்ன இடம் அது, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் கல் எறிந்தால் விழும். ஆனால் பனியில் என் கையே எனக்குத் தெரியவில்லை. “யாழினி! யாழினி!” என்று மூன்று பேரும் மூன்று பக்கம் கத்திக்கொண்டு தவழ்ந்தோம். கையை நீட்டிய இடமெல்லாம் சூடாக இருந்தது. தரையில்லை, அதற்கும் மேலே, முட்டி உயரத்தில், காற்றே சூடாக, லேசாக ஏறி இறங்கிக்கொண்டு. அசை போடுகிற சத்தம் நாலாப் பக்கமும். ஓடைப் பக்கம் போய்விட்டாளோ, நான்தானே வாசலைத் திறந்தேன், திறந்ததை மூடவில்லையே என்று புலம்பிக்கொண்டே தவழ்ந்தேன். எத்தனை முறை பிள்ளையாரே என்று சொன்னேன் என்று எனக்கே தெரியாது, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து குடித்த நான்.

அப்போது யாரோ என் தலையில் கை வைத்தார்கள். அகலமான, காய்த்துப்போன உள்ளங்கை. லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு எடுத்துக்கொண்டது. பஷீர் இருட்டில் தடவிப் பார்க்கிறான் என்று நினைத்து, “நான்தான்டா, இங்கதான் இருக்கேன், நீ அந்தப் பக்கம் பாரு” என்றேன்.

அதற்கப்புறம் சற்று நேரத்தில் நடுவிலிருந்து குழந்தை சிரிக்கிற சத்தம் கேட்டது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போனோம். யாழினி புல்லில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். எங்கள் சட்டையெல்லாம் பனியில் பிழிகிற ஈரம், அவள் கவுன் காய்ந்து கதகதவென்று இருந்தது. அக்கா அவளை வாரி எடுத்து முதுகில் ஒன்று வைத்தாள், அப்புறம் கட்டிக்கொண்டு அழுதாள். “எங்கயும் போவலம்மா, சூடா இருந்திச்சி, படுத்துக்கினேன்” என்று சொல்லிவிட்டு அவள் அப்படியே தூங்கிப்போனாள். அதற்கு மேல் யாரும் நகரவில்லை. அவளை நடுவில் போட்டுக்கொண்டு மூன்று பேரும் விடிகிறவரை உட்கார்ந்திருந்தோம்.

விடிந்து பனி விலகியதும் முதலில் எழுந்தவன் பஷீர்தான். வாசல் வரை போனவன் அங்கேயே நின்றுவிட்டான். “டேய், படல நீ சாத்துனியா?” என்றான். நான் சாத்தவில்லை. திறந்து ஓரமாகச் சாய்த்து வைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, நைலான் கயிறு என் பாக்கெட்டிலேயே இருந்தது. படல் வாசலில் நிமிர்ந்து நின்றது. வெளிப்பக்கமிருந்து கட்டியிருந்தது, பச்சை நாரால், அப்போதுதான் மரத்திலிருந்து உரித்த நார், ஈரம்கூடக் காயவில்லை. வேலிக்கு வெளியே புல்லெல்லாம் பனி சொட்டியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. மாடு படுத்து எழுந்தால் புல் எப்படி நசுங்கி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமல்லவா, அப்படித் தடம் தடமாக, எங்கள் டென்ட்டைச் சுற்றி, நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றி. டென்ட் ஒன்றுகூட சாயவில்லை.

பஷீர் இடுக்கில் கையை விட்டுக் கத்தியால் நாரை அறுத்தான். கட்டு அப்படி இறுக்கம், அறுக்கவே நேரம் பிடித்தது. அள்ளிப் போட்டுக்கொண்டு இறங்கினோம்.

கீழே ரோட்டோரம் அலமேலு என்கிற பெண் டீக்கடை வைத்திருந்தார், என் வயதுதான் இருக்கும். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே எங்கே தங்கினோம் என்று கேட்டார். சொன்னேன்.

“அந்தப் பட்டிலயா? அதுல மாடு கட்டி எத்தினியோ காலம் ஆச்சுங்க. தங்குனா தங்கிக்கினு போங்க, ஒண்ணும் ஆவாது. படல எதனா செஞ்சீங்களா?”

நிமிர்த்தி வைத்தேன் என்றேன். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“பட்டிய வுட்டுட்டுப் போறவங்க படலப் படுக்க வெச்சி மேல கல்லு ஏத்திட்டுப் போவாங்க. இனிமே இங்க பட்டி இல்லன்னு அர்த்தம். நிமித்தி வெச்சா பட்டி நடக்குதுன்னு ஆயிடும்ல?” என்றார். யாருடைய பட்டி, என்ன ஆனது என்று பஷீர் கேட்டான். “எங்களுக்குத் தெரியாதுங்க” என்று உள்ளே போய்விட்டார். டீயை யாரும் முழுதாகக் குடிக்கவில்லை.

இறங்கும்போது நான் பின்னால் உட்காரவில்லை, நாலு பேரும் முன்னாலேயே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பாதி மலையில், அருவிக்குப் போகிற கூட்டம் எதிரே வந்துகொண்டிருந்தபோது, யாழினி தானாக ஆரம்பித்தாள். “அந்த ஆளு நல்லவருல்லம்மா? எல்லாத்தயும் எண்ணுனாரு.”

“எந்த ஆளு?”

“மாட்டுக்காரரு. எல்லாம் படுத்துக்கினதுக்கு அப்புறம் வந்தாரு. ஒவ்வொன்னா தலையத் தட்டித் தட்டி எண்ணுனாரு. உன்ன எண்ணுனாரு, மாமாவ எண்ணுனாரு, பஷீர் மாமாவ எண்ணுனாரு, என்ன எண்ணுனாரு. எல்லாம் சரியா இருக்குதுன்னு சொல்லிட்டு அப்புறமா சாத்திக்கினு போனாரு.”

பஷீர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டான். “ராத்திரி என் தலைல கை வெச்சது நீதானடா?” என்று என்னைக் கேட்டான். நான் அவனைக் கேட்க வாயெடுத்திருந்த கேள்வி அது. அக்கா தன் உச்சந்தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகப் புள்ளியைச் சிவப்பாக மாற்றினேன். மாற்றினால் காரணம் கொடுக்க வேண்டும், செயலி வரிசையாகக் காட்டும். சரிவு, வெள்ளம், காட்டு விலங்கு, தனியார் இடம். எதையாவது தொட்டால்தான் விடும். தனியார் இடம், உரிமையாளர் அனுமதி இல்லை என்பதைத் தொட்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

படலை மறுபடி படுக்க வைத்துக் கல் ஏற்றாமல் வந்துவிட்டோம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. போய் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. பஷீரைக் கேட்டால் ஆயிரம் வேலை சொல்கிறான். அங்கே பட்டி இன்னமும் நடந்துகொண்டுதான் இருக்க வேண்டும். நாங்கள் நாரை அறுத்துக்கொண்டு வந்த அன்றைக்குச் சாயங்காலமும் அவர் எண்ணியிருப்பார் அல்லவா? மாடு மேய்க்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், உருப்படி குறைந்தால் படுக்க மாட்டார்கள், தேடிக் கிளம்பிவிடுவார்கள்.

இதெல்லாம் என் கற்பனை என்றே வைத்துக்கொண்டிருந்தேன், போன மாதம் அக்கா போன் பண்ணுகிறவரைக்கும். விழுப்புரத்தில் அவர்கள் வீடு இரண்டாவது மாடி. விளக்கு வைக்கிற நேரம், யாழினி பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே ரோட்டைப் பார்த்து, “இங்கதான் இருக்கேன்! இங்கதான் இருக்கேன்!” என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தாளாம். அக்கா ஓடிப்போய்ப் பார்த்தால் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. யாருடி என்று கேட்டதற்கு அவள் சொன்னாளாம், “அவருதாம்மா. ஒன்னு ஒன்னாத் தேடிக்கினு வராராம். பஷீர் மாமா கெடச்சிட்டாராம்.”

உடனே பஷீருக்குப் போன் போட்டேன். எடுத்தான், நன்றாகத்தான் பேசினான், கடையில் வியாபாரம் ஜாஸ்தி என்றான். ஆனால் அவன் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, அவனுக்குப் பின்னால், கடைவீதி இரைச்சலுக்கு நடுவில், அந்த மரமணி லொடக் லொடக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அது என்ன சத்தம் என்று கேட்டேன். எந்தச் சத்தம் என்று கேட்டான்.